வேலந்தாவளம் வழியாக வந்த கோப்பைகள்

எங்கள் பக்கத்துப் பையனிடம் உன் டீம் எது என்று கேட்டால், பதில் சொல்லும் முன் கேட்டவரின் முகத்தை ஒரு தடவை பார்ப்பான். வேலந்தாவளம், ஒழலப்பதி, எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஊர்கள் எங்களுடையவை. வீட்டில் தமிழ், ரேஷன் அட்டையில் மலையாளம். கல்யாணச் சேலை எடுக்கக் கோவை உக்கடம் பஸ், நில வரி கட்டச் சித்தூர் பஸ். தோப்பில் இறக்கும் கள்ளு மேற்கே போகும், படித்த பிள்ளைகள் கிழக்கே போவார்கள். என் அப்புச்சி காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்தில் இருந்தது, பக்கத்திலேயே இருந்த சித்தூர் கொச்சி ராஜா சீமையில் இருந்தது. 1956க்குப் பிறகு எல்லாம் கேரளம். இப்படிப்பட்ட இடத்தில் பிறந்தவனுக்குச் சொந்த ஊர் அணி என்று ஒன்றைப் பிறப்பிலேயே யாரும் கொடுத்துவிடுவதில்லை. அவனே கூட்டத்தில் நின்று, தொண்டை கட்டக் கத்தி, அதைச் சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு முதலில் கிடைத்த அணி கேரளா.

1991–92 சந்தோஷ் டிராபி கோவையில் நடந்தது. அதற்கு முன் கேரளா அந்தக் கோப்பையை ஒரே ஒரு முறைதான் வென்றிருந்தது. 1973 டிசம்பர் 27, எறணாகுளம், ரயில்வேஸுக்கு எதிராக 3–2. மூன்று கோலும் கேப்டன் மணி அடித்தவை. என் தாய்மாமா ஒரு தென்னந்தோப்பில் கணக்கு எழுதுபவர். அந்த ஆட்டத்தை ரேடியோவில் கேட்ட நாளிலிருந்து, மணியின் மூன்று கோலையும் கண்ணால் பார்த்தவரைப் போலச் சொல்வார். சொல்லும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடது காலால் ஒரு தேங்காய் மட்டையை உதைப்பார். அதற்கப்புறம் கேரளாவுக்குக் கோப்பையே வரவில்லை. மாமாவுக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, தலையும் நரைக்கத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் கேரளா ஃபைனலுக்கு வந்துவிட்டது, ஆட்டம் கோவையில் என்று தெரிந்தது.

"நம்ம ஊட்டுத் திண்ணைக்கே வந்துருச்சு கண்ணு, போகாம இருக்க முடியுமா?" என்றார். நானும் என் சித்தப்பா மகனும் அவருடன் கிளம்பினோம். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. பாலக்காட்டிலிருந்து வாளையார் வழியாக வந்தவர்கள், சித்தூரிலிருந்து எங்கள் வழியாக வந்தவர்கள், கோவையிலேயே வேலை பார்க்கும் மலையாளிகள் என்று உக்கடத்தில் இறங்கிய கூட்டத்தைப் பார்த்தால் கேரளாவே கோவைக்கு வந்துவிட்டதோ என்று தோன்றியது. எதிரணி கோவா. கேரளாவுக்கு வி.பி. சத்யன் கேப்டன். ஐ.எம். விஜயன் ஆடினார். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த பையன் அவர் என்பது எங்கள் ஊர் டீக்கடை வரை தெரிந்த கதை. அந்த அணியின் முதுகெலும்பு கேரளா போலீஸ் டீம். 1990இலும் 1991இலும் ஃபெடரேஷன் கோப்பையைக் கொண்டுவந்தவர்கள். ஆகவே அந்தப் பெயர்களை நாங்கள் கோவையில் புதிதாகக் கற்கவில்லை. ஏற்கெனவே வாயில் இருந்தவைதான்.

3–0. கோவா எழவே இல்லை.

அன்று இரவு திரும்பிய பஸ்ஸை நான் மறக்கமாட்டேன். மேற்கூரையில் ஆள், ஏணியில் ஆள். டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். மலையாளம் பேசுபவர்கள் சத்யன் பெயரைச் சொல்லிக் கோஷம் போட, எங்கள் பக்கத்துத் தமிழ் ஆட்கள் அதே தாளத்துக்கு வாயில் வந்த பாட்டைச் சேர்த்தார்கள். அத்தனை சத்தத்திலும் ஒரு பெரியவர் மாமாவைப் பார்த்து, "தமிழாளுகளுக்கு என்னங்க இதுல இத்தனை சந்தோசம்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாமா சொன்ன பதில் இன்றும் எங்கள் குடும்பத்தில் புழங்குகிறது: "சத்யன் சோறு திங்கறது நம்ம சித்தூர் அரிசீலைங்க." வேலந்தாவளத்தில் இறங்கியபோது கடைக்காரர்கள் பாதி சாத்திய கடையைத் திறந்து வாழைப்பழமும் வறுத்த கடலையும் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை.

அந்தச் சத்யன் பிற்பாடு சென்னைக்கே போய் இந்தியன் வங்கி அணிக்கு ஆடினார், அங்கேயே குடியிருந்தார். 2006 ஜூலை 18 அன்று பல்லாவரத்தில் ரயில் தண்டவாளத்தில் அவர் வாழ்க்கை முடிந்தது. செய்தி வந்த நாளில் மாமா தோப்புக்குப் போகவில்லை. கேரளாவின் கோப்பையைத் தமிழ்நாட்டில் தூக்கிய கை அது. கடைசிக் காலத்தில் தமிழ்நாடு அவரைத் தெரிந்துவைத்திருந்ததா என்று மாமா கேட்டார். கேரளமும் அப்போது அவரை எவ்வளவு நினைத்திருந்தது என்று நான் திருப்பிக் கேட்டேன். இரண்டு பேரிடமும் பதில் இல்லை. 2018இல் 'கேப்டன்' என்று அவர் கதை மலையாளத்தில் படமாக வந்தது. மாமா பாலக்காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கோவை ஃபைனலைத்தான் மறுபடி சொன்னார்.

அதற்கடுத்த வருஷம், 2019இல், எங்களுக்கு இன்னொரு அணி வாய்த்தது. இதற்குப் பெயர் சென்னை சிட்டி, இருப்பிடம் கோவை. பழைய நுங்கம்பாக்கம் கிளப்பின் வாரிசு. 2016–17 சீசனில் ஐ-லீக்கில் நுழைந்து, பிறகு வ.உ.சி. பூங்கா பக்கத்து நேரு ஸ்டேடியத்தைத் தன் வீடாக்கிக்கொண்டது. தமிழ்நாடு சந்தோஷ் டிராபியை ஒரு தடவை கூட வென்றதில்லை. கால்பந்தில் தலைநிமிர்ந்து சொல்ல கோவைக்காரர்களிடம் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. 2018–19 சீசன் அதை மாற்றியது. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். உருகுவேயில் பிறந்த பெத்ரோ மான்சி அந்த சீசனில் மட்டும் 21 கோல். ஸ்பெயினிலிருந்து சாந்த்ரோவும் நெஸ்தரும். நம் ஆட்களில் எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு, குட்டிக் குட்டிப் பாஸ்களாக எதிராளியின் கோட்டைக்குள் நடந்து போகும் ஆட்டம். கோவை அதுவரை இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மார்ச் 9. கடைசி ஆட்டம், எதிரணி மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி வென்றால் பட்டம். டிராவாகி, அங்கே ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டால் பட்டம் கொல்கத்தாவுக்கு. அதாவது எல்லைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் இன்னொரு ஆட்டம், இரண்டிலும் எங்கள் ஆட்கள். வாழ்க்கையில் இப்படி ஒரு சாயங்காலம் திரும்பக் கிடைக்காது.

கேலரியில் எனக்கு முன்வரிசையில் கோகுலம் துண்டு போட்டிருந்த பாலக்காட்டுக் கல்லூரிப் பையன்கள். கையில் போன், போனில் கோழிக்கோடு. மூன்றாம் நிமிஷமே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. ஸ்டேடியம் சுரத்தில்லாமல் ஆனது. இடைவேளை வரைக்கும் அப்படியே. மாமாவுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது, ஆனாலும் உட்காரவே இல்லை. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கவுரவ் போரா என்ற இளைஞன் ஒன்று போட்டான். அதே சமயத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் முன்னிலை பெற்றது என்று முன்வரிசைப் பையன்கள் குதித்தார்கள். இரண்டு பக்கமும் எங்களுக்கே என்ற ஒரு பத்து நிமிஷம் இருந்தது! பிறகு ஈஸ்ட் பெங்கால் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டு 2–1 என்று திருப்பிவிட்டது. இனி இங்கே ஒரு கோல் வாங்கினால் எல்லாம் போச்சு. கூடுதல் நேரத்தில் போராவே இன்னொன்றைப் போட்டு 3–1 என்று முடித்து வைத்தான். சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

கோகுலம் துண்டு போட்ட பையன்கள்தான் முதலில் மாமாவைத் தூக்கினார்கள். அவர்கள் அணி அங்கே தோற்றுப் போயிருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு இந்தக் கிழவரைத் தோளில் ஏற்றினார்கள். 1992இல் தமிழன் மலையாளிக்காகக் கத்தினான். இப்போது மலையாளிப் பையன் கோவைக்காகக் கத்தினான். உக்கடத்தில் டீ குடித்தோம், வேலந்தாவளத்தில் மறுபடியும் குடித்தோம். செக்போஸ்டில் இருந்த ஆபீசர், "கோகுலம் தோத்து, இல்லே?" என்று மலையாளத்தில் வருத்தப்பட்டார். "கோவை ஜெயிச்சுதுங்க சார்" என்றார் மாமா. அவர் எழுந்து வந்து கைகொடுத்தார்.

அதே ஆண்டு ஸ்விட்சர்லாந்தின் பாசல் கிளப் சென்னை சிட்டியில் பங்கு வாங்கியது என்று பத்திரிகையில் படித்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் உலக வரைபடம் விரிந்தது. இனி நம் பிள்ளைகள் கோவைக்குப் போய்ப் பந்து கற்றுக்கொள்ளலாம், அங்கிருந்து பாசல் வரைக்கும்கூடப் போகலாம் என்று பேசினோம். அந்தப் பேச்சு வீண் பேச்சில்லை. எல்லைப் பஞ்சாயத்துகளில் காலில் பந்து ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய. மதுக்கரைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே அவர்களுக்கு ஒழுங்கான புல்தரைதான் இல்லை.

மான்சி ஜப்பானுக்குப் போனார். ரொமாரியோ கோவா பக்கம் போனார், வான்ஸ்பால் சென்னைக்கு. கொரோனா வந்தது. 2020–21 சீசனைக் கொல்கத்தாவில், வெறும் கேலரிகளுக்கு முன்னால் நடத்தினார்கள். அதில் பழைய சாம்பியன் கீழ்ப்பாதியில் கிடந்தது. அந்த சீசனில் பட்டம் வென்றது கோகுலம் கேரளா. ஆண்கள் கால்பந்தில் கேரளத்துக்கு வந்த முதல் தேசிய லீக் பட்டம் அது. 2022இலும் அவர்களே. இரண்டுக்கும் நாங்கள் வெடி போட்டோம். சென்னை சிட்டி மட்டும் அந்தக் கொல்கத்தா சீசனுக்கு அடுத்த பட்டியலிலேயே இல்லை. இரண்டே ஆண்டில், தேசிய சாம்பியனாக இருந்த அணி, களத்தில் இல்லாத அணியாயிற்று.

இதை நான் சும்மா கடந்துபோக மாட்டேன். கோவை ஒரு சின்ன ஊரில்லை. மில்லும் மோட்டாரும் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் கட்டிய ஊர். ஒரு சாயங்காலம் முழுக்கத் தன் தெருக்களில் ஆடிய ஊர், தன் சாம்பியனை இரண்டே வருஷத்தில் கைநழுவ விட்டது. காரணம் பணம் மட்டும்தான் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த அணிக்கு அடியில் பள்ளிக்கூட அணிகள் இல்லை, வார்டு அணிகள் இல்லை, நாளைக்கு இந்தச் சட்டையைப் போடப்போவது என் மகன் என்று சொல்லும் தாய்கள் இல்லை. நாங்கள் டிக்கெட் வாங்கினோம், கத்தினோம், டீ குடித்தோம். வேர் பிடிக்க அது போதாது. வேர் பிடித்த ஒரு இடத்தை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்த இடம் மூணாறு.

என் அக்காவை அங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொடுத்தோம். பாலக்காட்டிலிருந்து இடுக்கிக்கு எங்கள் குடும்பம் கேரளத்தை விட்டு வெளியேறித்தான் போகும். பொள்ளாச்சி, உடுமலை, அப்புறம் சின்னாறு செக்போஸ்ட், மறையூர், கடைசியில் தேயிலை. கல்யாணமான புதிதில் மச்சானைப் பார்க்கப் போனபோது, "நாளைக்கு மேட்ச் இருக்கு மாப்ளே, நீங்களும் வாங்க" என்றார். எஸ்டேட்டில் ஏதோ பையன்கள் ஆடுவார்கள் என்று கிளம்பினேன். பழைய மூணாறு மைதானத்தைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கோவை ஃபைனல் நினைவுக்கு வந்தது.

ஃபின்லே ஷீல்டு. 1941இல் தொடங்கியது, எஸ்டேட்டுகளுக்கு இடையிலான கால்பந்து. கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி நடத்திய கண்ணன் தேவன் மலைகளில், துரைமார் கொண்டுவந்த பந்தைத் தொழிலாளிகள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அந்த வருஷம் தேவிகுளம் திருவாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. கேரளா என்ற மாநிலமே அப்போது இல்லை. சந்தோஷ் டிராபிகூட 1941இல்தான் பிறந்தது. இரண்டும் ஒரே வயது. பிற்பாடு தோட்டங்கள் டாட்டாவிடம் போயின. 2005இல் தொழிலாளர்களே பங்குதாரர்களாக இருக்கும் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் வந்தது. கம்பெனியின் பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும் ஷீல்டின் பெயரை யாரும் தொடவில்லை.

குண்டுமலை, செண்டுவரை, லட்சுமி, கடலார், நல்லதண்ணி, சொக்கநாடு, மாட்டுப்பட்டி: அங்கே இவை வெறும் இடப்பெயர்கள் இல்லை, அணிகள். ஆடுபவர்கள் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்கள். பேக்டரியில் இலை வாட்டுகிறவர், மருந்தடிக்கிறவர், டிராக்டர் ஓட்டுகிறவர், ஆபீஸ் கிளார்க். அவர்களுடைய தாத்தாக்கள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து கங்காணி கூட்டிவர மலையேறியவர்கள். மச்சான் இடது பக்கத் தடுப்பாட்டம். கொழுந்து எடுத்துக் கை கறுத்துப்போன பெண்கள் கம்பிளியைப் போர்த்திக்கொண்டு கோட்டுக்கு அருகிலேயே நின்றார்கள். எந்த ஆட்டக்காரன் வலது காலில் பலவீனம், எவனுக்கு மூச்சு வாங்கும் என்றெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. "ஏலே, ஓடுலே! நேத்துத் தின்ன கறி எங்கலே போச்சு?" என்று ஒரு பாட்டி கத்தினாள். அவள் பேரனை அல்ல, தொழிலாளர் வரிசை வீடுகளில் அடுத்த லயத்துப் பையனை. அங்கே எல்லோரும் எல்லோருக்கும் பேரன்தான்.

அந்த வருஷம் மச்சானின் எஸ்டேட் ஷீல்டை வென்றது. ஜீப்பின் முன்னால் கட்டிக்கொண்டு மலைப் பாதையில் வந்தோம். பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மேளச் சத்தத்தைக் கேட்டே லயங்களிலிருந்து ஆட்கள் விளக்கோடு இறங்கி வந்தார்கள். முதலில் மாரியம்மன் கோயில். பூசாரி ஷீல்டுக்கு மாலை போட்டு, கேப்டனுக்குத் திருநீறு பூசினார். பிறகு லயம் லயமாக, ஒவ்வொரு வாசலிலும் நின்றது அந்த ஷீல்டு. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள். படுத்த படுக்கையாக இருந்த ஒரு பழைய கோலிக்காக உள்ளே தூக்கிக்கொண்டு போய் அவர் மார்மேல் வைத்தார்கள். அவர் அதில் பொறித்திருந்த பழைய எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே, தான் பிடித்த ஒரு பந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். யாரும் அவசரப்படவில்லை.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கோல் அடித்தவனும் வரிசையில் நின்றான். கொண்டாடியவர்களும் நின்றார்கள். சாம்பியனுக்கு விடுமுறை இல்லை. ஆனால் அன்று முழுக்க மலையில் எந்தப் பக்கம் போனாலும் அவன் பெயர் கேட்டது.

அந்த எஸ்டேட் வாழ்க்கையை நான் பூசி மெழுகவில்லை. கூலிக்கும் போனஸுக்கும் அந்தப் பெண்களே 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு மூணாறு ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை உழைத்த மலையில் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள்தான் அதிகம். இத்தனை இல்லாமைக்கு நடுவிலும் ஒன்று அவர்களுக்கே உரியதாக இருந்தது. அது அந்த ஷீல்டு. அதனால் அதை விடவில்லை.

இப்போது லயங்களில் பாதி வீடுகளில் வேறு குரல்கள். தமிழ்ப் பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் கோவைக்கும் எறணாகுளத்துக்கும் இறங்கிவிட்டார்கள். கொழுந்து எடுக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறார்கள். அக்கா மகன் எறணாகுளத்தில் வேலை பார்க்கிறான். ஷீல்டு நேரத்தில் லீவு போட்டு வந்து கோட்டுக்கு வெளியே நிற்பான், ஆட முடியாது. போன முறை நான் போயிருந்தபோது மச்சானின் எஸ்டேட்டுக்கு முன்வரிசையில் ஆடியவன் ஜார்க்கண்ட் பையன். வெறிகொண்ட ஓட்டம். தமிழில் பத்து வார்த்தை தெரியும், அதில் பாதி மைதானத்தில் சொல்லக்கூடாதவை. கோட்டோரத்துக் கிழவிகள் அவன் பெயரைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி சுருக்கிக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்தான், கையசைத்தான், கோலும் போட்டான். மாமா அன்று என்னோடு வந்திருந்தார். பேருந்தில் ஏறி இறங்கி இடுப்பு வலி. ஆனாலும் நின்றபடியே பார்த்தார். கோல் விழுந்ததும் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம், "அந்தப் பையனுக்கு வூட்ல ஆரு சோறு போடறாங்க?" என்று கேட்டார்.

"நான்தான் அய்யா" என்றாள் அவள். "எங்க லயந்தான். ராத்திரி ரொட்டி கேப்பான், நான் சோறுதான் போடுவேன். ஓட வேண்டாமா?"

மாமாவுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அன்று முழுக்க அவர் மூணாறுக்காரர்.

அரை இறுதியில் மச்சானின் அணி பெனால்டியில் தோற்றது. இரவு லயத்தில் மாட்டுக்கறியும் கப்பையும் வெந்துகொண்டிருக்க, தோல்வியைப் பற்றி யாரும் நெடுநேரம் புலம்பவில்லை. பேச்சு அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டது. எதிரணியின் கோலி ஆறடி இரண்டங்குலம், கையை நீட்டினால் மூலைக்கு மூலை எட்டுகிறது என்று மச்சான் கணக்குப் போட்டார். பேக்டரியில் புதிதாகச் சேர்ந்த அசாம் பையன் ஒருவன் உயரமாக இருக்கிறானாம், கையும் நீளமாம், ஆனால் அவனுக்குக் கிரிக்கெட்தான் பிடிக்குமாம்.

"அவனை நாளைக்கே கூட்டியாங்க," என்றார் மாமா. "நான் பேசிப் பார்க்கறேன்."